நைரோபியிலிருந்து லாகோஸ் மூணு மணி நேரம்

அப்பாதுரைக்குக் கிலோமீட்டர் என்றால் மரியாதையே கிடையாது. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவரிடம் போய் வேலூர் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால், கேட்டவனை ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார். "ரெண்டேகால் மணி நேரம்" என்பார். கீழ்பென்னாத்தூர் முப்பத்தஞ்சு நிமிஷம். சென்னை நாலரை மணி நேரம், வழியில் டீக்கு நிறுத்தினால் நாலே முக்கால். உலகத்தில் இருக்கிற எல்லா ஊரும் ஒரு மணிக்குப் புறப்பட்டு இன்னொரு மணிக்குப் போய்ச் சேருகிற ஊர்தான். நடுவில் எத்தனை கல் கிடக்கிறது என்று எண்ணுவது வேலையற்றவன் வேலை என்பது அவர் கட்சி.

அவருடைய மகள் அன்புச்செல்வி அந்த வேலையற்ற வேலையைத்தான் மூன்று வருஷம் கல்லூரியில் படித்திருந்தாள். பி.எஸ்ஸி. புவியியல். வகுப்பில் முதலாவதாக வந்தாள். சென்னையில் எம்.எஸ்ஸி.க்கு இடமும் கிடைத்தது. அப்போது அண்ணன் இளஞ்செழியன் வீட்டில் சும்மா இருந்தான். சும்மா இருக்கிறவனுக்குத்தான் குடும்ப மானத்தைப் பற்றி யோசிக்க நேரம் இருக்கும். "நாலரை மணி நேரம்பா. பொட்டப் புள்ளய அவ்ளோ தூரம் எப்படி அனுப்பறது?" என்று ஒரே போடாகப் போட்டான். மகன் வாயில் மணிக்கணக்கு வந்ததும் அப்பாதுரை உருகிப்போனார். அம்மா வள்ளி, "அண்ணன் சொல்றது உன் நல்லதுக்குத்தான்டி" என்றாள். படிப்பு அத்தோடு முடிந்தது.

ஆறு மாசம் கழித்து அதே அண்ணன் நைரோபிக்கு விமானம் ஏறினான். அங்கே பிளாஸ்டிக் பக்கெட் செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. நைரோபி எத்தனை மணி நேரம் என்று அவனை யாரும் கேட்கவில்லை.

போனவன் போனதோடு இருந்தானா என்றால் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு அங்கிருந்து போன் வரும். அங்கே அப்போது மாலை ஐந்தரை. அந்த இரண்டரை மணி நேர வித்தியாசம் அப்பாதுரைக்கு நன்றாகத் தெரியும், அதைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். நலமா என்று கேட்டு முடித்ததும் விசாரணை ஆரம்பிக்கும். அன்பு ஆறு மணிக்குள்ள வூட்டுக்கு வந்துடறாளா? யாரோட பேசறா? அவள் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஒன்றரை வருஷம் பாடம் எடுத்தாள். ஆண்டு விழா அன்று வீடு திரும்ப ஏழரை ஆகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நைரோபியிலிருந்து உத்தரவு வந்தது. திங்கட்கிழமை அவள் வேலையை விட்டாள். பக்கெட் கம்பெனியில் அவன் யாரையாவது இப்படி மேற்பார்வை பார்த்தானா என்று தெரியவில்லை.

இப்படியே அவளுக்கு இருபத்தைந்து ஆனது. 2003-ஆம் வருஷம் தை மாசம் தரகர் இருசப்பன் ஒரு வரனோடு வந்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு வேன் விடுவார், மற்ற நாட்களில் கல்யாணம் பேசி வைப்பார். பையன் பெயர் கோபி. கீழ்பென்னாத்தூரில் மணிலாக் கடலை பயிரிடும் ராமதாஸின் மகன். நைஜீரியாவில், லாகோஸ் நகரத்தில், பிஸ்கட் கம்பெனியில் மெஷின் பார்க்கிற வேலை.

"அவ்ளோ தூரமா?" என்று வள்ளி நெஞ்சில் கை வைத்தாள்.

"என்னாங்கம்மா தூரம்? உங்க பையன் எங்க கீறாரு, ஆப்பிரிக்கா. இந்தப் பையன் எங்க கீறாரு, அதே ஆப்பிரிக்கா. பக்கத்து பக்கத்து ஊருங்க. அண்ணங்காரன் கூப்புடு தூரத்துல இருக்கும்போது பொண்ணுக்கு என்னா கவல?"

இந்த வாதம் அந்த வீட்டில் எடுபட்டது. ஆனால் அப்பாதுரை வாய்ப்பேச்சை நம்புகிறவர் இல்லை. நைரோபிக்கும் லாகோஸுக்கும் நடுவில் ஓடுகிற விமானத்தின் நேர அட்டவணையைக் கொண்டுவா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். இருசப்பன் சென்னையில் யாரையோ பிடித்து ஒரு ஜெராக்ஸ் வாங்கி வந்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்: நைரோபி புறப்பாடு 8.00, லாகோஸ் வருகை 11.05. லாகோஸ் புறப்பாடு 12.30, நைரோபி வருகை 19.30.

அப்பாதுரை மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைப் படித்தார். "மூணு மணி அஞ்சு நிமிஷம். மெட்ராஸ விட கம்மி!" என்றார்.

"திரும்பி வர ஏழு மணி நேரம் போட்டிருக்குதுங்களே?" என்று இருசப்பனே வாய்விட்டுக் கேட்டார்.

அப்பாதுரை ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு சிரித்தார். "ஜமுனாமரத்தூர் வண்டியப் பாத்தது இல்லியா நீ? ஏறும்போது ரெண்டு மணி நேரம், எறங்கும்போது ஒண்ணேகால். நைரோபி மேட்டுல கீற ஊரு, செழியனே சொல்லியிருக்கான், குளுருதுன்னு. போறது எறக்கம், வர்றது ஏத்தம். ஏத்தத்துல ஜாஸ்திதான் ஆவும்."

வள்ளிக்கு இதில் முழுத் திருப்தி. மகளுக்கு ஒன்று என்றால் மகன் ஓடிப்போய்ச் சேருவதுதான் முக்கியம். திரும்பி மெதுவாக வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த அன்புச்செல்வி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இந்தியா முழுக்க ஒரே மணி ஓடுவதால் ஆப்பிரிக்கா முழுக்கவும் ஒரே மணிதான் என்று அப்பா எடுத்துக்கொண்டுவிட்டார். லாகோஸ் கடிகாரம் நைரோபிக்கு இரண்டு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. போகும்போது அந்த இரண்டைக் கூட்ட வேண்டும், வரும்போது கழிக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஐந்து மணி நேரம். முதல் செமஸ்டர் பாடம் இது. அவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அந்த வீட்டில் புவியியல் படித்தவளைத் தவிர மற்ற எல்லோரையும் புவியியல் கேட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் அண்ணன் பேசியதைக் கேட்டபோது அவளுடைய சிரிப்பு நின்றது. "லாகோஸா? பக்கம்தாம்பா. மாசத்துக்கு ஒரு தபா ஒரு எட்டு போய் அன்ப பாத்துட்டு வந்துடுவேன். நான் பாத்துக்கறேன்" என்றான் இளஞ்செழியன். தெரியாது என்ற சொல் அவன் வாயில் வந்ததே இல்லை. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே வேலையை விட வைத்தவன், பக்கத்து ஊரிலிருந்து மாசா மாசம் வந்தால் என்னென்ன செய்வான்?

மறுநாள் செங்கம் ரோட்டில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனாள். ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் நடுவில், அரை மணி நேரத்துக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்து உட்கார்ந்து, இரண்டு ஊரின் பெயரையும் தட்டினாள். நைரோபியிலிருந்து லாகோஸ் நேர்கோட்டில் சுமார் மூவாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் என்று வந்தது. நேராகப் பறந்தால் ஐந்து மணி நேரம். விசா எடுக்க வேண்டும், மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்ட அட்டை வேண்டும். அண்ணனைப் பற்றி அவளுக்குத் தெரிந்தவரை, அவனைத் தடுக்க அந்த ஊசி ஒன்றே போதும். மூவாயிரத்து எண்ணூறு! இவ்வளவு அழகான எண்ணை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

வந்தது வந்தாயிற்று என்று, ஜாதகத்தோடு இருந்த தாளில் பார்த்து வைத்திருந்த கோபியின் முகவரிக்கு ஒரு மெயிலும் அனுப்பினாள். ஒரே கேள்வி. கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலைக்குப் போவதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா? மூன்றாம் நாள் பதில் இருந்தது. 'ஆட்சேபணை இல்லை. இங்கே இந்தியர்கள் நடத்தும் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. சமூக அறிவியலுக்கு ஆள் தேடுவதாகக் கேள்வி. கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, விசாரித்து எழுதுகிறேன். கரண்ட் அடிக்கடி போகும். தண்ணீர் லாரியில் வரும். இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.' பெண் பார்க்கிற இடத்தில் குறையைத் தானே எடுத்துச் சொல்கிற ஆணை அவள் அன்றுதான் கண்டாள். அதன் பிறகு வாரம் ஒரு பதினைந்து ரூபாய் செங்கம் ரோட்டுக்குப் போயிற்று.

அவளுக்கு ஆசை வந்துவிட்டது. அந்த ஊருக்குப் போக வேண்டும், அந்தப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் உலகப் படம் வரைய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் போன் அடிக்காத வீட்டில் இருக்க வேண்டும். ஐந்து மணி நேரம் என்ற உண்மை வெளியே வந்தால் அம்மா அன்றைக்கே வரனை நிறுத்திவிடுவாள். ஆகவே வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தாள்.

ஆனால் வள்ளி இன்னொரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். பெண் வாழப் போகிற வீட்டை நம் ஆள் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, அடுப்படியையும் தண்ணீர் வசதியையும் நோட்டம் விட்டு, ஒரு வாய் சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டு வந்தால்தான் தட்டு மாற்றுவது. கீழ்பென்னாத்தூர் வீட்டில் எல்லோரும் போய்க் கை நனைத்தாயிற்று. "ஆனா அவ வாழப்போறது அந்த வூட்டுல இல்லியே? லாகோஸ் வூட்ட யாரு பாக்கறது?" என்றாள்.

"செழியன் எதுக்குக் கீறான்? மூணு மணி நேரம்தான?" என்றார் அப்பாதுரை. அந்த வாரமே போனில் உத்தரவு போட்டார். காலையில் எட்டு மணி விமானம், பகல் பன்னிரண்டரைக்குத் திரும்பி ஏறு. நடுவில் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, அதில் வீட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிடு.

அண்ணன் மூன்று வாரம் சாக்குச் சொன்னான். ஒரு வாரம் ஜுரம், ஒரு வாரம் கம்பெனியில் ஆடிட்டிங், ஒரு வாரம் எதுவும் சொல்லாமல் போனை வைத்துவிட்டான். நான்காம் ஞாயிறு போனில் உற்சாகமாக வந்தான்.

"நேத்து போய்ட்டு வந்துட்டம்பா! எட்டு மணிக்கு ஏறுனேன், கரெக்ட்டா பதினொன்னு அஞ்சுக்கு எறங்கிட்டேன். ரெண்டு ரூமு, டைல்ஸ் போட்ட வூடு. சாம்பார் வெச்சு, அப்பளம் பொரிச்சு, நல்லா கவனிச்சாரு மாப்ள."

"திரும்பி வரும்போது?"

"ஏழு மணி நேரம்பா. ஏத்தம் இல்லியா!"

அப்பாதுரை பெருமையாக வள்ளியைப் பார்த்தார். தன் கணக்கை மகன் நேரில் போய்ச் சரிபார்த்துவிட்டு வந்துவிட்டான்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று அன்புச்செல்விக்கு இரண்டு நாளில் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமை முழுவதும் கரண்ட் இல்லை, யாரும் வரவில்லை, ரொட்டியைத் தின்றுவிட்டுத் துணி துவைத்தேன் என்று கோபி எழுதியிருந்தான். அண்ணனின் பொய்யும் தன் மௌனமும் ஒரே கல்யாணத்துக்கு முட்டுக் கொடுத்து நிற்பதை நினைத்து அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்தது, வேடிக்கையாகவும் இருந்தது. பிறந்ததிலிருந்து அவன் தனக்குச் செய்த ஒரே உபகாரம் இதுதான் என்று விட்டுவிட்டாள்.

பங்குனியில் ஒரு முகூர்த்த நாள் பார்த்து நிச்சயதார்த்தம் வைத்தார்கள். வேங்கிக்காலில் அப்பாதுரை புதிதாகக் கட்டிய வீட்டில், கூடம் நிறைய ஜமக்காளம். கீழ்பென்னாத்தூரிலிருந்து ராமதாஸ் ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினார். வேன் இருசப்பனுடையது. பதினொரு மணிக்குத் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. அன்புச்செல்வி உள் அறையில் பட்டுப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள்.

சரியாகப் பத்தரைக்கு உள் அறையில் இருந்த போன் அடித்தது. அப்பாதுரை ஓடிவந்து எடுத்தார். வெளிநாட்டுப் போன் என்றால் அந்த நாட்டுக்கே கேட்கிற மாதிரி பேசுவது அவர் வழக்கம்.

"ஆங், மாப்ளயா! நல்லாகீறீங்களா? எல்லாரும் வந்துட்டாங்க. அன்னிக்கு எங்க செழியன சாம்பார் வெச்சு, அப்பளம் பொரிச்சு கவனிச்சீங்களாமே, ரொம்ப சந்தோஷம்!"

அப்பாவின் பேச்சு நின்றது. திரும்ப வந்தபோது பாதியாகக் குறைந்திருந்தது.

"வரலீங்களா? ... நல்லா யோசன பண்ணி சொல்லுங்க மாப்ள... ஓகோ. விசா வேணுமா... ஓகோ." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "காலங்காத்தால எழுந்து பண்றீங்களா? ஏன், மணி எட்டாயிருக்குமே அங்க?" என்றார். "ஆறா? சரியா ஆறா?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை. அவர் உதடு அசைந்தது. இடது கைக் கட்டை விரல் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணியது. நைரோபியில் இப்போது எட்டு. லாகோஸில் ஆறு. மூன்றோடு இரண்டு. ஏழில் இரண்டு போக. இரண்டு பக்கமும் ஒரே விடைதான் வந்தது. ஒரு மேடும் இல்லை, ஒரு பள்ளமும் இல்லை.

"அப்பறமா பேசறேன் மாப்ள" என்று போனை வைத்தார். எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"செழியன் அங்க போவல."

"தெரியும்ப்பா."

"மூணு மணி நேரம் இல்ல. அஞ்சு."

"தெரியும்ப்பா."

"எப்பலேருந்து?"

"இருசப்பன் அந்தப் பேப்பர் கொண்டாந்த அன்னிலேருந்து."

அப்பாதுரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. அவமானமாக இருந்தது, அது முகத்தில் தெரிந்தது. "ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னாம்மா? ஊரெல்லாம் ஏத்தம் எறக்கம்னு சொல்லிக்கினு திரிஞ்சனே."

"சொன்னா நிறுத்திடுவீங்க."

"நிறுத்தாம? அண்ணன் பக்கத்துல கீறான்ற தைரியத்துலதான ஒங்கம்மா ஒத்துக்கினா? நாளைக்கு ஒனக்கு அங்க ஒண்ணுன்னா ஓடி வர யாரு இருக்கா?"

"ஓடி வர யாரும் இல்லன்னுதாம்ப்பா நான் ஒத்துக்கினேன்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய பேச்சு என்று அவளுக்கே உறைத்தது. ஆனால் ஆரம்பித்ததை நிறுத்த முடியவில்லை. "மெட்ராஸ் நாலரை மணி நேரம்னு படிப்ப நிறுத்துனீங்க. ஏழரை மணிக்கு வூட்டுக்கு வந்தேன்னு வேலைய நிறுத்துனீங்க. அன்னிக்கெல்லாம் அடுத்த ரூம்ல உக்காந்து அழுதேன். நாலு அடி தூரம் இருக்குமா? யாருப்பா வந்தீங்க?"

பஸ் ஏன் தாமதம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் முப்பத்தொரு வருஷம் உடனுக்குடன் ஒரு காரணம் சொன்ன அப்பாதுரை, இப்போது ஒன்றும் கிடைக்காமல் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

"அந்தப் பையன் எப்படி?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

"கரண்ட் போவும், தண்ணி லாரியில வரும்னு எழுதியிருக்காரு. ஸ்கூல்ல எனக்கு வேல விசாரிச்சுக்கினு இருக்காரு."

"லெட்டர் வேற போவுதா?" என்றவர், அதற்கு மேல் அதைக் கேட்கவில்லை. "நானே வாய்ல எடுத்துக் குடுத்தேன், சாம்பார் வெச்சீங்களான்னு. ஆமான்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். யாரும் வரலீங்கன்னு பட்டுனு சொல்லிட்டான்."

வெளியே வள்ளியின் குரல் கேட்டது. "ஏங்க, நேரம் ஆவுது, உள்ள என்னா பண்றீங்க?"

அப்பாதுரை எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து கூடத்துக்குப் போனார். அன்புச்செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. சம்பந்தி வீட்டார் முன்னால் மகனின் பெருமையைப் பேசிவிட வேண்டும் என்று வள்ளிக்கு ஒரே அவசரம்.

"மாப்ள என்னா சொன்னாரு? நம்ம செழியன் போய் வந்தத சொன்னாரா?"

"சொன்னாரு."

"அண்ணன் அவ்ளோ கிட்டக்க இருக்கறது எங்களுக்கும் நிம்மதிங்க. பிளேன்ல எவ்ளோ நேரமாம்?" என்று கேட்டார் ராமதாஸ்.

"மூணு மணி அஞ்சு நிமிஷம்ங்க" என்றார் அப்பாதுரை. குரலில் ஒரு பிசிறு இல்லை. "எறக்கம் பாருங்க. தட்டை எடு வள்ளி."

தட்டு மாறியது. பெண்ணைக் கூப்பிடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். அன்புச்செல்விக்கு உடனே நகர முடியவில்லை. கூடத்து நடுவில் வெற்றிலைப் பாக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு குனிந்து நிற்கிற மனுஷரையே பார்த்தாள். இங்கிருந்து லாகோஸ் எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் என்பது அவளுக்கு எப்போதோ தெரியும். அது எவ்வளவு தூரம் என்று அப்போதுதான் தெரிந்தது, அழுகை முட்டிக்கொண்டு வந்தது.